கூடி வாழும் கலக்சிகள்

‘பரம்பல்’ என்றதும் எங்களுக்கு நினைவில் வருவது புள்ளிவிபரவியல் பாடம்தான். ஒரு வகுப்பு மாணவியரின் புள்ளிகளை எடுத்து, மீடிறன் அட்டவணை தயாரித்து, வலையுரு வரையம் வரைந்து, இடையும் நியம விலகலும் கண்டுவிட்டால் கணக்கு முடிந்தது. அந்தப் புள்ளிகள் ஏன் அப்படிப் பரம்பின என்று எவரும் கேட்பதில்லை, பரீட்சையிலும் கேட்கமாட்டார்கள். வானியலில் நிலைமை வேறு. தொட்டுப் பார்க்கவோ நிறுத்துப் பார்க்கவோ முடியாத பொருள்கள் எங்கெங்கே எத்தனை நிற்கின்றன என்ற செய்தியை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே பெரிய முடிவுகளுக்கு வந்திருக்கிறார்கள். அவற்றுள் ஒன்றை, உயர்தரக் கணிதப் பிரிவில் கற்கும் நான் விளங்கிக்கொண்ட அளவில், தோழியருக்கும் பெற்றோருக்கும் எடுத்துச் சொல்ல விழைகிறேன்.

முதலில் கலக்சி என்றால் என்னவென்று பார்த்துவிடுவோம். எமது சூரியன் ஓர் உடு. அதைப் போன்ற பத்தாயிரம் கோடிக்கும் மேற்பட்ட உடுக்கள், வாயு, தூசு எல்லாம் ஈர்ப்பினால் ஒன்றாகக் கட்டுண்டு கிடக்கும் பெருந்தொகுதியே எமது பால்வீதிக் கலக்சி. எமக்கு அருகிலுள்ள பெரிய கலக்சி அந்திரமீடா. தூரம் ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டுகள். வெளிச்சத் தொல்லை இல்லாத ஊரில் அது வெறுங் கண்ணுக்கு மங்கலான புகைபோலத் தெரியும். வானியலறிஞர் அப்துர் ரஹ்மான் அல் சூபி 964 ஆம் ஆண்டளவில் எழுதிய நிலையான உடுக்கள் பற்றிய நூலில் அதைச் சிறு முகில் என்று குறித்து வைத்தார். அவர் கண்ட முகில் எமது பால்வீதிக்கு வெளியே உள்ள தனிக் கலக்சி என்று உறுதியாக 1920கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பால்வீதி, அந்திரமீடா, இன்னுமொரு நடுத்தரக் கலக்சி, இவற்றைச் சுற்றிச் சில டசின் குட்டிக் கலக்சிகள். இதுதான் எமது அயல். கிராமத்தின் ஓரத்திலுள்ள சிறு குடியிருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வானத்தில் மாநகரங்களும் உண்டு. எமக்கும் அந்திரமீடாவுக்கும் இடைப்பட்ட வெளியளவு இடத்தில் நூற்றுக்கணக்கான கலக்சிகள் நெருங்கி நிற்கும் இடங்கள் அவை. இவற்றையே கலக்சிக் கொத்துகள் என்கிறோம்.

எத்தனை கலக்சிகள் இருந்தால் ஒரு கொத்தைச் ‘செறிவான கொத்து’ எனலாம்? இதற்கு ஒரு விதி வகுத்தவர் அமெரிக்க வானியலாளர் ஜோர்ஜ் ஏபெல். பாலமர் மலையிலிருந்து எடுக்கப்பட்ட வானப் படத் தகடுகளைக் கண்ணாலேயே ஆராய்ந்து, 1958 இல் 2712 கொத்துகள் அடங்கிய பட்டியலை வெளியிட்டார். கணினி பார்த்த வேலையல்ல. ஒரு மனிதரின் கண் பார்த்த வேலை. அவருடைய விதி சுவையானது. கொத்தின் மூன்றாவது பிரகாசமான கலக்சியை எடுத்துக்கொள்ள வேண்டும். அதிலிருந்து இரண்டு பருமன் வரை மங்கலான கலக்சிகளைக் குறித்த ஓர் ஆரைக்குள் எண்ண வேண்டும். ஐம்பதோ அதற்கு மேலோ இருந்தால் அது செறிவான கொத்து. ஏன் முதலாவது இல்லாமல் மூன்றாவது? மிகப் பிரகாசமாகத் தெரிவது கொத்துக்குச் சம்பந்தமில்லாமல் எமக்கு அருகில், அதே திசையில் தற்செயலாக நிற்கும் வேறொரு கலக்சியாக இருக்கலாம். மூன்றாவதை எடுத்தால் அந்த ஆபத்துக் குறைவு. வகுப்பில் முதலாம் பிள்ளையை வைத்து முழு வகுப்பையும் மதிப்பிடக்கூடாது என்பதுபோல.

ஏபெலின் பட்டியலில் 1656 ஆம் இலக்கம் பெற்றதுதான் கோமாக் கொத்து. இக்கட்டுரையில் நான் பிடித்துக்கொள்ளப் போவது அதைத்தான். தூரம் ஏறத்தாழ 32 கோடி ஒளியாண்டுகள். அதாவது இன்று எமது தொலைகாட்டிக்குள் நுழையும் அதன் ஒளி, பூமியில் டைனோசர்கள் தோன்றுவதற்கும் வெகுகாலம் முன்பே புறப்பட்டது. அறியப்பட்ட கலக்சிகளின் எண்ணிக்கை ஆயிரத்துக்கும் மேல். கோமா என்றால் கூந்தல். எகிப்து அரசி பெரனிசின் கூந்தல் என்று பெயர் பெற்ற உடுத்தொகுதியின் திசையில் இருப்பதால் இப்பெயர். சித்திரை, வைகாசி மாத இரவுகளில், சிங்கத்தின் வாலுக்கும் சுவாதி உடுவுக்கும் இடையில், சற்று வடக்கே பார்த்தால் அந்தக் கூந்தலின் மங்கலான உடுக்கள் எமது நாட்டிலும் தலைக்கு மேலே தெரியும். கொத்தின் கலக்சிகளைக் காண்பதற்குத் தொலைகாட்டி வேண்டும்.

கோமாக் கொத்தின் படமொன்றை அச்சிட்டு எடுத்து, கவராயத்தால் ஒரே மையத்தைச் சுற்றி வட்டங்கள் வரைந்து, ஒவ்வொரு வளையத்திலும் எத்தனை கலக்சிகள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். மேசை துடைக்க வந்த உம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இந்தப் பொட்டையெல்லாம் எண்ணி என்ன மகள் கிடைக்கப் போகுது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்று அவருக்கு வாயால் சொன்னதைவிடச் சற்று ஒழுங்காக இங்கே சொல்கிறேன்.

வட்டங்களின் ஆரைகளை 1, 2, 3, 4 என்ற விகிதத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். வட்டத்தின் பரப்பளவு ஆரையின் வர்க்கத்துக்கு விகிதசமன். எனவே நடு வட்டமும் அதைச் சுற்றிய வளையங்களும் 1 : 3 : 5 : 7 என்ற விகிதத்தில் பரப்பளவு கொள்ளும். கலக்சிகள் தாளில் மழைத்துளிபோல் கண்டபடி விழுந்திருந்தால், எண்ணிக்கையும் இதே விகிதத்தில் கூடிக்கொண்டே போக வேண்டும். கோமாவில் அப்படி இல்லை. எண்ணிக்கையைப் பரப்பளவால் வகுத்துப் பார்த்தால், நடுவில் மிக உயர்ந்தும், வெளியே போகப்போக முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் குறைந்துகொண்டே போகும் ஒரு வளையி கிடைக்கும். அது ஒரு கட்டத்தில் ‘இங்கே கொத்து முடிந்தது’ என்று நின்றுவிடுவதில்லை. சுற்றுப்புற வானத்தின் சாதாரண அளவோடு மெல்லக் கரைந்து போகிறது. மதில் கட்டாத ஊர்.

இதே வேலையை 1937 இல் பிரிட்ஸ் ஸ்விக்கி என்ற வானியலாளர் செய்தார். கோமாவில் வளையம் வளையமாக எண்ணி, வந்த வளையியை, தன் சொந்த ஈர்ப்பினால் கட்டுண்ட வெப்பநிலை மாறாத ஒரு வாயுக் கோளத்தின் வளையியோடு ஒப்பிட்டார். இரண்டும் நன்றாகவே பொருந்தின. இதன் பொருளைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஒரு வாயுவில் மூலக்கூறுகள் எப்படி அங்குமிங்கும் ஓடிக்கொண்டே ஒரு சமநிலையில் இருக்கின்றனவோ, அப்படியே கொத்தில் முழுமுழுக் கலக்சிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. கோடானுகோடி உடுக்களைக் கொண்ட ஒரு கலக்சி இங்கே வெறும் மூலக்கூறு!

ஒரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். நண்பகலில் மாமரத்தின் நிழலைப் பாருங்கள். உச்சிக் கிளையின் மாங்காயும் தாழ்ந்த கிளையின் மாங்காயும் நிலத்தில் ஒரே இடத்தில் நிழலாக விழும். வானப் படமும் அத்தகைய நிழல்தான். படத்தின் நடுவில் தெரியும் கலக்சி உண்மையில் நடுவில் இருக்கலாம். எமது பக்கத்து ஓரத்திலோ அப்புறத்து ஓரத்திலோ இருந்துகொண்டு நடுவில் இருப்பதாகத் தோன்றவும் செய்யலாம். கொத்துக்கே சொந்தமில்லாத வழிப்போக்கர்களும் படத்தில் உண்டு. இவர்களை வடிகட்டுவதற்கு நிறமாலை உதவுகிறது. அகிலம் விரிவதால் தூரத்துக் கலக்சியின் ஒளி சிவப்புப் பக்கம் நகரும். கோமாக் கலக்சிகள் சராசரியாகச் செக்கனுக்கு ஏறத்தாழ 7000 கிலோமீற்றர் வேகத்தில் எம்மைவிட்டு விலகுகின்றன. செக்கனுக்கு 2000 என்றோ 20,000 என்றோ வேகம் வந்தால் அவர் வழிப்போக்கர்.

இனி, யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்று பார்ப்போம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கலக்சிகளில் பிரதானமாக மூன்று வகை. பால்வீதி போன்ற சுருளிக் கலக்சிகள்: தட்டையானவை, வாயு நிறைந்தவை, புதிய உடுக்கள் பிறந்துகொண்டிருப்பதால் நீலச் சாயல் கொண்டவை. நீள்வளையக் கலக்சிகள்: உருண்டு திரண்டவை, வாயு வற்றியவை, பழைய உடுக்களால் செம்மஞ்சளாகத் தெரிபவை. இரண்டுக்கும் நடுவில், தட்டும் உண்டு, ஆனால் சுருளும் வாயுவும் இல்லை என்ற வில்லை வடிவக் கலக்சிகள். 1980 இல் அலன் டிரெஸ்லர் என்பவர் 55 செறிவான கொத்துகளில் சுமார் 6000 கலக்சிகளை வகைப்படுத்தி ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒதுக்குப்புறத்தில், நெருக்கமில்லாத இடங்களில், பத்துக் கலக்சிகளை எடுத்தால் ஏறத்தாழ எட்டு சுருளிகள். நெருக்கம் கூடக் கூடச் சுருளிகள் குறைகின்றன. மிக நெரிசலான நடுப்பகுதியில் பத்துக்கு ஒன்றுதான் சுருளி. மீதி எல்லாம் நீள்வளையமும் வில்லை வடிவமும். கோமாவின் நட்ட நடுவில் அமர்ந்திருப்பவை என்.ஜி.சி. 4889, என்.ஜி.சி. 4874 என்ற இரண்டு இராட்சதக் கலக்சிகள். பெரும்பாலான கொத்துகளில் இப்படி ஒரு இராட்சதர்தான் அரசாட்சி செய்வார், கோமாவில் இருவர். அதற்கும் காரணம் உண்டு, பின்னால் வருகிறேன்.

டிரெஸ்லரின் அட்டவணை ஒரு பெரிய வழக்கைக் கிளப்பிவிட்டது. பிறப்பா, இடமா? நெரிசலான இடத்தில் பிறந்தவை ஆரம்பத்திலேயே நீள்வளையமாகப் பிறந்தனவா? அல்லது சுருளியாகப் பிறந்தவை கொத்துக்குள் வந்த பிறகு மாறிப்போயினவா? இன்று எடுத்த ஒரு படத்தை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது. ஆனால் வானியலாளருக்கு ஒரு வசதி உண்டு: தூரத்தைப் பார்ப்பதென்றால் பழைய காலத்தைப் பார்ப்பது. ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய நிலையில் தெரியும் தூரத்துக் கொத்துகளை ஹபிள் விண்வெளித் தொலைகாட்டியால் படமெடுத்து, டிரெஸ்லரும் கூட்டாளிகளும் 1997 இல் மீண்டும் எண்ணினார்கள். நீள்வளையக் கலக்சிகள் அன்றும் இன்றுபோலவே நிறைய இருந்தன. ஆனால் வில்லை வடிவக் கலக்சிகள் மிகக் குறைவு. அந்த அளவுக்குச் சுருளிகள் அதிகம். எனவே வழக்கில் இரு தரப்புக்கும் பாதி வெற்றி என்பேன். நீள்வளையங்கள் மிகப் பழங்காலத்திலேயே, கொத்து முழுமை பெறுமுன் சிறு சிறு கூட்டங்களாக இருந்தபோதே உருவாகிவிட்டன. வில்லை வடிவங்களில் பல, ஒருகாலத்தில் சுருளியாக இருந்து கொத்துக்குள் வந்து வாயுவை இழந்தவை.

வாயுவை யார் பறித்தது? இதை விளங்கக் கொத்தின் இடைவெளியைப் பார்க்க வேண்டும். 1970 இல் கென்யாக் கரையோரத்திலிருந்து ஏவப்பட்ட உகுரு என்ற செய்மதி (சுவாஹிலி மொழியில் விடுதலை என்று பொருள்) கோமா போன்ற கொத்துகளிலிருந்து எக்ஸ் கதிர்கள் பரந்து வருவதைக் கண்டது. கலக்சிகளுக்கு இடையே வெறுமை என்று நினைத்த இடம் முழுவதும் ஏறத்தாழ 10 கோடி பாகை வெப்பநிலையில் வாயு நிறைந்திருக்கிறது. அது மிக மிக ஐதானது. ஆனாலும் கொத்தின் எல்லா உடுக்களையும் சேர்த்த திணிவைவிட அந்த வாயுவின் திணிவு பல மடங்கு. செக்கனுக்கு ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் ஓடும் ஒரு சுருளிக் கலக்சி இதற்குள் நுழையும்போது எதிர்க்காற்று அடிக்கும். மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்ந்து போகும்போது முந்தானை பின்னோக்கிப் பறக்குமல்லவா, அதுபோலக் கலக்சியின் வாயு பின்னோக்கி இழுபடும். உடுக்கள் கனமானவை, அசையாமல் இருந்துவிடும். இப்படி நடக்குமென்று 1972 இலேயே கன், கொட் என்ற இருவர் கணித்துச் சொல்லியிருந்தார்கள். கோமாவிலுள்ள டி100 என்ற சுருளிக் கலக்சிக்குப் பின்னால் ஏறத்தாழ இரண்டு இலட்சம் ஒளியாண்டு நீளத்துக்கு வாயு வால் நீண்டிருப்பதை இன்று படத்தில் பார்க்கலாம். வாயு போனால் புதிய உடுக்கள் பிறக்கா. காலப்போக்கில் நீலம் மங்கிச் செம்மஞ்சளாகும்.

மோதலால் மாறுவதில்லையா என்று சிலர் கேட்கலாம். கொத்தின் நடுவில் கலக்சிகள் ஒன்றையொன்று கடப்பது மிக வேகமாக. கைகோத்து ஒன்றாகச் சேர நேரமில்லை. சேர்க்கை பெரும்பாலும் மெதுவாக நகரும் சிறு கூட்டங்களில்தான் நடக்கிறது. நகரத்தில் ஆயிரம் பேரைக் கடந்து போகிறோம், சினேகிதம் கிராமத்தில்தான் என்பதுபோல.

இப்போது வேகங்களின் பரம்பலுக்கு வருவோம். 1933 இல், அதே ஸ்விக்கி, கோமாவின் வெறும் எட்டுக் கலக்சிகளின் வேகங்களை எடுத்துக்கொண்டார். அவற்றின் சராசரி ஒருபுறமிருக்க, அவை சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதே அவர் பார்த்தது. நாம் நியம விலகல் என்று கற்பதேதான். அது செக்கனுக்கு ஏறத்தாழ 1000 கிலோமீற்றர். உயர்தரப் பௌதிகவியல் மாணவி இதை வைத்து ஒரு கணக்குச் செய்யலாம். கொத்தின் ஆரையை 50 இலட்சம் ஒளியாண்டு என எடுப்போம். மீற்றரில் ஏறத்தாழ 4.7 ஐ 10 இன் 22 ஆம் அடுக்கால் பெருக்கி வருவது. நாம் அளப்பது எமது பார்வைக் கோட்டில் உள்ள வேகம் மட்டும். முப்பரிமாணத்தில் வேகத்தின் வர்க்கம் அதைப்போல் மூன்று மடங்கு. சமநிலையில் உள்ள தொகுதியில் இயக்கப்பாட்டுச் சக்திக்கும் ஈர்ப்பு அழுத்த சக்திக்கும் நிலையான தொடர்பு இருப்பதால், திணிவு ஏறத்தாழ வேக வர்க்கத்தை ஆரையால் பெருக்கி ஈர்ப்பு மாறிலியால் வகுக்க வருவதாகும். போட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 2 ஐ 10 இன் 45 ஆம் அடுக்கால் பெருக்கிய கிலோகிராம் வரும். சூரியனின் திணிவால் வகுத்தால் 10 இன் 15 ஆம் அடுக்கு. ஆயிரம் மில்லியன் மில்லியன் சூரியன்கள்! இது பருமட்டான கணக்குத்தான்; ஆனால் ஆய்வாளர்கள் இன்று சொல்லும் விடையும் இந்த அளவிலேயே உள்ளது.

கோமாவின் எல்லா உடுக்களையும் கூட்டினால் இத்திணிவில் ஒரு சில சதவீதம்தான் தேறும். சூடான வாயுவையும் சேர்த்தாலும் ஆறில் ஒரு பங்களவே. மீதி எங்கே? ஸ்விக்கிக்குச் சூடான வாயுவைப் பற்றித் தெரியாது; அன்று பயன்பட்ட ஹபிள் மாறிலி இன்றையதைப்போல் ஏறத்தாழ எட்டு மடங்கு பெரியது; அதனால் அவருடைய விடையில் ஒளிரும் பொருளைவிட 400 மடங்கு என்று வந்தது. எண் இறங்கிவிட்டது, ஆனால் அவர் கேட்ட கேள்வி இறங்கவில்லை. ஒளிராத அந்தப் பொருளை அவர் இருண்ட பொருள் என்று அழைத்தார். அது இல்லையென்று வைத்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். ஒளியின் வேகத்தில் முந்நூறில் ஒரு பங்கில் ஓடும் கலக்சி, 50 இலட்சம் ஒளியாண்டு ஆரையை 150 கோடி ஆண்டுகளில் கடந்துவிடும். கட்டிவைக்கப் போதிய ஈர்ப்பு இல்லாவிட்டால் கோமா எப்போதோ கலைந்திருக்கும். ஆனால் அங்குள்ள உடுக்கள் பல 1000 கோடி ஆண்டுப் பழையவை. கொத்தும் ஒழுங்கான வளையியோடு கட்டுக்கோப்பாக நிற்கிறது. இருண்ட பொருள் எதனாலானது என்று எந்த ஆய்வுகூடமும் இன்னும் பிடித்துக் காட்டவில்லை. ஆனால் ‘பொட்டுகளை’ எண்ணியதால்தான் அப்படியொன்றைத் தேடவே தொடங்கினார்கள்.

வேகப் பரம்பலில் இன்னொரு அழகும் உண்டு. 1996 இல் கொலஸ், டன் என்ற இருவர் கோமாவின் நீள்வளைய, வில்லை வடிவக் கலக்சிகளின் வேகங்களை ஒரு பக்கமும் சுருளிகளின் வேகங்களை ஒரு பக்கமும் பிரித்துப் பார்த்தனர். சுருளிகளின் விலகல் மற்றவற்றைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. அதாவது இரண்டின் வர்க்கமூலம். இந்த எண்ணை எங்கே கண்டோம்? வட்டப் பாதையில் சுற்றும் செய்மதியின் வேகத்துக்கும் தப்பும் வேகத்துக்கும் உள்ள விகிதம்! தப்பும் வேகத்தை மறுதலையாக யோசித்தால், அது வெகுதூரத்திலிருந்து விழுந்து வரும் பொருள் பெறும் வேகம். ஆகவே நீள்வளையங்கள் பலகாலம் சுற்றிச் சுற்றி நிலைபெற்ற பழைய குடிகள். சுருளிகள் இப்போதுதான் வெளியிலிருந்து விழுந்துகொண்டிருக்கும் புதுக் குடிகள். சுருளிகள் ஏன் ஓரத்தில் அதிகம் தெரிகின்றன என்பதற்கு வேகமும் இடமும் ஒரே விடையைச் சொல்வது எனக்குப் பெரும் வியப்பைத் தந்தது.

கொத்துகளுக்கு வெளியேயும் கலக்சிகள் கண்டபடி சிதறிக் கிடக்கவில்லை என்பதைச் சொல்லாமல் போக முடியாது. அதில் இரண்டு பெண்களின் பங்கு பெரியது. வேரா ரூபின் 1954 இல் தமது கலாநிதிப் பட்ட ஆய்வில், கலக்சிகள் கூட்டம் கூட்டமாகவே பரம்பியுள்ளன என்று காட்டினார். அப்போது அவர் சிறு பிள்ளைகளின் தாய். இரவு வகுப்புக்குக் கணவர் காரில் கொண்டுபோய் விட்டு, வெளியே காத்திருப்பார். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்கள் ரூபினின் பெற்றோர். அந்த ஆய்வை அன்று எவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1965 இல்தான் பாலமர் மலைத் தொலைகாட்டியில் முறைப்படி அனுமதி பெற்று அவதானித்த முதற் பெண்ணானார். பின்னர் தனித்தனிச் சுருளிக் கலக்சிகளின் சுழற்சியை அளந்து, ஸ்விக்கி கேட்ட அதே ‘மீதி எங்கே?’ என்ற கேள்வியை உலகம் தட்டிக்கழிக்க முடியாதபடி செய்தார். மற்றவர் மார்கரெட் கெல்லர். அவரும் வலெரி டி லாப்பரோன் என்ற மாணவியும் ஜோன் ஹுக்ராவும் 1986 இல் வானத்தின் ஒரு மெல்லிய கீற்றில் சுமார் 1100 கலக்சிகளின் தூரங்களைக் குறித்து வரைந்தபோது, தாளில் ஒரு குச்சி மனிதனின் உருவம் வந்தது. அவனது உடம்பு கோமாக் கொத்து. விரித்த கைகள் கலக்சிகளின் நீண்ட வரிசைகள். இடையே பெரும் வெற்றிடங்கள்.

அந்தக் கைகளின் வழியாகத்தான் கோமாவுக்குப் புதுக் குடிகள் வருகின்றன. நடுவில் ஏன் இரண்டு இராட்சதர் என்ற கேள்விக்கும் விடை இதுவே: முன்பு தனித்தனியாக இருந்த இரு கூட்டங்கள், ஒவ்வொன்றும் தன் தலைவரோடு வந்து சேர்ந்தன என்றே பெரும்பாலும் கருதப்படுகிறது. தென்மேற்கே என்.ஜி.சி. 4839 என்ற கலக்சியைத் தலைமையாகக் கொண்ட இன்னொரு கூட்டம் எக்ஸ் கதிர்ப் படத்தில் தனியாகத் தெரிகிறது. அது முதன்முறையாக உள்ளே வருகிறது என்றே பலர் எழுதினர். 2021 இல் வெளியான புதிய எக்ஸ் கதிர் ஆய்வோ, அது ஏற்கெனவே ஒருமுறை நடுவைக் கடந்து வெளியே போய், இப்போது திரும்பி விழுகிறது என்கிறது.

2015 இல் கோமாவில் 47 விசித்திரக் கலக்சிகள் கண்டுபிடிக்கப்பட்டன. பரப்பளவில் பால்வீதியை ஒத்தவை. உடுக்களோ நூற்றிலொரு பங்குக்கும் குறைவு. பேய் மாதிரி மங்கலானவை. இவை கொத்தின் நட்ட நடுவில் மட்டும் காணப்படவில்லை. அங்கே ஈர்ப்பின் இழுபறி தாங்காமல் பிய்ந்து போயிருக்கலாம். மற்ற இடங்களில் பிய்யாமல் நிற்பதற்கே நிறைய இருண்ட பொருள் அவற்றுக்குள் இருக்க வேண்டும் என்று கண்டுபிடித்தவர்கள் வாதிட்டார்கள்.

கோமாவைவிட எமக்கு அருகில், ஏறத்தாழ 5.4 கோடி ஒளியாண்டுத் தூரத்தில், கன்னிக் கொத்து உண்டு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கலக்சிகள் இருந்தாலும் கோமாவின் ஒழுங்கு அதற்கு இல்லை. எம்87, எம்86, எம்49 என்று மூன்று கலக்சிகளைச் சுற்றி மூன்று திரட்சிகள், சுருளிகளும் தாராளம். இன்னும் கட்டி முடியாத வீடு. 2019 இல் முதன்முதலாகப் படம்பிடிக்கப்பட்ட கருந்துளை இருப்பது இதன் எம்87 இல்தான். சிலி நாட்டு மலையுச்சியில் வேரா ரூபினின் பெயரால் அமைந்த புதிய வானாய்வகம், 2025 ஜூனில் வெளியிட்ட தனது முதற் படங்களில் ஒன்றாகக் கன்னிக் கொத்தின் ஒரு பகுதியைக் காட்டியது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, பெரிதாக்கிப் பார்க்கலாம். கீழே வலப்பக்கத்தில் நீலச் சாயலோடு இரண்டு அழகிய சுருளிகள், மேலே ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட மூன்று கலக்சிகள், எங்கு பார்த்தாலும் சிறு சிறு பொட்டுகள். அவற்றில் எவை கொத்தின் குடிகள், எவை வெகு தொலைவில் பின்னால் நிற்கும் வழிப்போக்கர்கள் என்று பிரித்தெடுப்பதே எண்ணத் தொடங்குபவரின் முதல் வேலை.